சாவிக்கொத்து

ஏழு பாட்டு முடிந்துவிட்டது. எட்டாவது வரவில்லை.

ஜெகதீசனின் ஸ்டூடியோ விழுப்புரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது. ஒரே அறை, நடுவில் கண்ணாடித் தடுப்பு. பதிவு நடக்கும்போது அவர் ஏசியை நிறுத்திவிடுவார். அன்று காலையிலிருந்து நான்கு முறை நிறுத்தியாயிற்று. நான்கு முறையும் இருதயமேரி சரியாகப் பாடினாள். சுருதி விலகவில்லை. தாளம் தப்பவில்லை. பாட்டில் உயிர் இல்லை.

“ஜெபமாலை சொல்ற மாதிரி இருக்குதும்மா,” என்றாள் அமலா.

“செவுத்தப் பாத்துக்கினு பாடச் சொன்னா வேற எப்பிடி வரும்,” என்றாள் இருதயமேரி.

அவள் அமலாவின் அம்மா. அறுபது வயது. முன்பல் இரண்டும் கடைவாயில் சிலவும் இல்லை. பெருமுக்கல் பக்கத்து ஊரில் மல்லாட்டை என்கிற நிலக்கடலையைப் பிடுங்கப் போகும் பெண்கள் செட்டுக்கு அவள்தான் தலைவி. ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் கோரஸிலும் முதல் குரல் அவளுடையது.

அமலா திண்டிவனத்தில் ஒரு ஸ்கேன் மையத்தில் வேலை செய்தாள். மூன்று வருடமாகப் பாட்டு எழுதினாள். தானே மெட்டுப் போட்டு, தானே கிதார் வாசித்துப் பாடினாள். அமெரிக்கக் கறுப்பினப் பாடகிகளின் சோல் பாட்டுகளை ஒருநாள் போனில் கேட்டாள். கோயிலில் அம்மா ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு விடாமல் இழுப்பாளே, அந்த இழுப்பு அவர்களிடமும் இருந்தது. ஆல்பம் அங்கே தொடங்கியது. அதில் கொல்லைக்காட்டு மெட்டு இருந்தது. கோயில் கோரஸ் இருந்தது. ஜெகதீசனின் எலெக்ட்ரிக் கிதார் இருந்தது. இது என்ன வகைப் பாட்டு என்று ஊரில் கேட்டவர்களுக்கு இருதயமேரி பதில் வைத்திருந்தாள். பாதி கொல்லை, பாதி கோயில், மிச்சம் கரண்டு.

ஆல்பத்தின் பெயர் ‘கொல்லை’. அவர்கள் ஊரில் மல்லாட்டை விளையும் மேட்டு நிலத்துக்கு அதுதான் பெயர்.

டிரம்ஸ் வாசித்தவன் இனியவன். கல்யாணக் கச்சேரிகளில் பழகிய கை. ஓர் உல்லாசக் கப்பலின் இசைக்குழுவில் அவனுக்கு எட்டு மாத வேலை கிடைத்திருந்தது. மறுநாள் மாலை சென்னையில் விமானம். எட்டாவது பாட்டுக்கு இன்று ஒரு நாள்தான் உண்டு.

வேறு டிரம்மரைப் பிடிக்கலாம் என்றார் ஜெகதீசன். அமலா சம்மதிக்கவில்லை. ஏழு பாட்டோடு வெளியிடலாம் என்றார். அந்த ஏழும் இந்த எட்டாவதுக்குக் கொண்டுபோய் விடுவதற்காக எழுதியவை. இது இல்லாவிட்டால் ஆல்பம் வேண்டாம் என்று அவள் மனதுக்குள் முடிவு செய்திருந்தாள்.

எட்டாவது ஓர் எதிர்ப்பாட்டு. ஒருத்தி கேலி செய்வாள், இன்னொருத்தி திருப்பிக் கொடுப்பாள். இரண்டு பக்கத்தையும் அமலா எழுதியிருந்தாள். இரண்டு பக்கத்தையும் அம்மா ஒருத்தியே பாடினாள். அங்கேதான் தப்பு என்று நான்காவது டேக் முடிந்தபோது அமலாவுக்குப் புரிந்தது.

அவர்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மல்லாட்டை பிடுங்கும்போது வேலையாட்கள் நிலத்துக்காரரைப் பாட்டில் கேலி செய்யலாம். நிலத்துக்காரர் பாட்டில்தான் பதில் சொல்ல வேண்டும். பேச்சில் சொன்னால் தோற்ற கணக்கு. பதில் வராதவர் ‘பொழுது போச்சு’ என்று சொல்ல வேண்டும். நிலத்துக்காரர் சொன்னால், சூரியன் எங்கே நின்றாலும் அன்றைய வேலை அதோடு முடிந்தது. வேலையாள் சொன்னால், மறுநாள் ஒரு பாத்தி சேர்த்துப் பிடுங்க வேண்டும். பாட்டு எந்த வரியில் நின்றதோ, அடுத்த முறை அந்த வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கெங்கம்மாளுக்கு நான்கு ஏக்கர். முப்பது வருடமாக அந்தக் கொல்லையில் அவளும் இருதயமேரியும் பாடினார்கள். கொல்லைக்கு வெளியே இருதயமேரி ‘வாங்க, போங்க’ என்பாள். பாட்டுக்குள் ‘வாடி, போடி’. கெங்கம்மாள் அதைத் தவறாக எடுத்துக்கொண்டதில்லை. வாங்கியதற்கு மேல் திருப்பிக் கொடுத்துவிடுவாள். யோசிக்க நேரம் வேண்டுமென்றால் இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்தைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்குவாள்.

போன பங்குனியில் கெங்கம்மாள் வீட்டின் மேல் இன்னொரு மாடி எழுப்பினாள். மகன்கள் இரண்டு பேரும் வெளிநாட்டில். வீட்டில் அவளும் கணவர் நடராசனும் மட்டும். அன்று கொல்லையில் இருதயமேரி பாடினாள்:

மாடி மேல மாடி வெச்சா மல்லாட்டைக் காரி
ரூமு ரூமா பூட்டுத் தொங்குது, யாருக்குடி சாவி?

எல்லோரும் சிரித்தார்கள். கெங்கம்மாள் சாவிக்கொத்தைக் குலுக்கினாள். இரண்டாம் முறை குலுக்கினாள். பிறகு ‘பொழுது போச்சு’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். மணி காலை பத்தரை.

மறுநாள் வேறு ஊர் ஆட்கள் வந்து இறங்கினார்கள். இப்போது ஐப்பசி. ஏழு மாதமாக இருவரும் பேசவில்லை.

“கெங்கம்மாவக் கூப்புடலாமா?” என்று அமலா கேட்டாள்.

“வேணாம்.”

“கோவமா?”

“எனக்கு இன்னா கோவம். அந்த வரிய நான் பாடியிருக்கக் கூடாது. அத எப்பிடிப் போயி சொல்றது? பேச்சுல சொன்னா தோத்த கணக்கு.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இனியவன் சிரித்தான். அமலா சிரிக்கவில்லை. அவனிடம் பைக் சாவியைக் கேட்டாள்.

*

கெங்கம்மாள் கொல்லையில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். ஒரு செடியைப் பிடுங்கி, ஒரு காயை உடைத்து, தோட்டின் உட்புறத்தைப் பார்த்தாள். கறுத்திருந்தது. காய் முற்றிவிட்டது என்று அர்த்தம். மரக்காணம் பக்கம் மேகம் கட்டியிருந்தது. மழை பெய்தால் காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும்.

அமலா விஷயத்தைச் சொன்னாள். கெங்கம்மாள் அடுத்த செடிக்குப் போனாள். அமலாவும் போனாள். ஸ்டூடியோ, கப்பல், நாளைக்கு விமானம் எல்லாவற்றையும் சொன்னாள்.

“யாரு எதிர் நிக்கிறது?” என்று கெங்கம்மாள் கேட்டாள்.

“யாரும் இல்லங்க. அம்மாவே கேக்குறாங்க, அம்மாவே பதில் சொல்றாங்க.”

“அது பாட்டா, பைத்தியமா?”

“அதாங்க உங்களக் கூப்புட வந்தேன்.”

“ஒங்கம்மா கூட்டியாரச் சொன்னாளா?”

அமலா பொய் சொல்ல நினைத்தாள். வரவில்லை.

“வேணாம்னு சொன்னாங்க.”

கெங்கம்மாள் உடைத்த காயை வாயில் போட்டு மென்றாள்.

“அப்ப வர்றேன்,” என்றாள்.

ஆனால் உடனே கிளம்பவில்லை. வீட்டுக்குப் போய் புடவை மாற்றினாள். மாடிக்குப் போய் ஒவ்வோர் அறையாகப் பூட்டினாள். கீழே வந்து, பூட்டினோமா என்று பார்க்க மறுபடி மேலே போனாள். நடராசனிடம், விழுப்புரத்தில் ஒரு வேலை, சோறு மூடி வைத்திருக்கிறது என்றாள். அவர் என்ன வேலை என்று கேட்டார். அவள் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு பைக்கில் ஏறினாள்.

திண்டிவனம் வரும்வரை மெதுவாகப் போகச் சொன்னாள். திண்டிவனம் தாண்டியதும் ஜல்தியாகப் போகச் சொன்னாள். விக்கிரவாண்டியில் டீ குடிக்கலாமா என்று அமலா கேட்டதற்கு, டீ எங்கேயும் போய்விடாது என்றாள். அமலாவின் முதுகுக்குப் பின்னால் ஏதோ முணுமுணுப்பு கேட்டுக்கொண்டே வந்தது. பைக் பயத்தில் சாமி கும்பிடுகிறாள் என்று அமலா நினைத்தாள்.

*

மணி மூன்றே முக்கால். கெங்கம்மாள் உள்ளே வந்தபோது இருதயமேரி எழுந்து நின்றாள். இருவரும் பேசவில்லை. தலையாட்டக்கூட இல்லை. பேச்சில் தொடங்கினால் யாருக்குத் தோல்வி என்பதில் இருவருமே ஜாக்கிரதையாக இருந்தார்கள்.

ஜெகதீசனிடம் நல்ல மைக் ஒன்றுதான் இருந்தது. அதை நடுவில் வைத்து, இரண்டு பேரும் எதிரெதிரே நிற்க வேண்டும் என்றார். நின்றார்கள். இன்னும் கிட்டே வரச் சொன்னார். வந்தார்கள். முகத்துக்கும் முகத்துக்கும் இடையில் இரண்டு சாண். கொல்லையில் எப்போதும் இருவருக்கும் நடுவில் நாலு பாத்தியாவது இருக்கும். இவ்வளவு பக்கத்தில் அவர்கள் நின்றதே இல்லை.

ஹெட்போனில் தாளம் தப்பாமலிருக்க டக் டக்கென்று ஒரு சத்தம் வரும். அதற்குக் கிளிக் என்று பெயர். ஏழு பாட்டும் அதைக் கேட்டுத்தான் வாசித்தவை. கெங்கம்மாள் ஹெட்போனை மாட்டிப் பார்த்தாள்.

“யாரோ கதவத் தட்டுறாங்கபா. போயி தொறங்க,” என்று சொல்லிக் கழற்றிக் கொடுத்துவிட்டாள்.

பிறகு ஜெகதீசன் சாவிக்கொத்தைப் பார்த்தார்.

“அம்மா, அத வெளிய வெச்சிடுங்க. மைக்ல சத்தம் விழும்.”

“விழட்டுமே.”

“பதிவு கெட்டுடுங்கம்மா.”

“இருவத்தஞ்சு வருசமா இது இடுப்ப விட்டு எறங்கினதில்ல, தம்பி. அது வேணாம்னா நானும் வேணாம்.”

ஜெகதீசன் அமலாவைப் பார்த்தார். அமலா ஏசியை நிறுத்தச் சொன்னாள்.

அவள் கிதாரில் தொடங்கினாள். மெதுவான தொடக்கம். இனியவன் தூரிகைக் குச்சியால் டிரம்மைத் தடவினான். முதல் சரணத்தை அமலா பாடினாள். செம்மண், ஈரம், விடியலில் செடியைப் பிடிக்கிற கை. அடுத்தது அம்மாவின் முறை. எழுதிக் கொடுத்த வரி கண்ணெதிரே ஸ்டாண்டில் இருந்தது.

இருதயமேரி அதைப் பார்க்கவில்லை. கெங்கம்மாளைப் பார்த்துப் பாடினாள்.

மாடி மேல மாடி வெச்சா மல்லாட்டைக் காரி

அமலாவின் விரல் தந்தியில் ஒரு கணம் நின்றது. நின்ற இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். அது அவளுக்கும் தெரிந்த வழக்கம்தான். ஆனால் அம்மா அதைக் கொல்லையில் பாடியது போலப் பாடவில்லை. ‘யாருக்குடி சாவி’ என்ற இடத்தைக் கோயிலில் இழுப்பது போல இழுத்தாள். குரல் மேலே போய், அங்கேயே நின்று, மெதுவாக இறங்கியது. கேலி அதில் இல்லை. கேள்வி மட்டும் இருந்தது.

கெங்கம்மாள் சாவிக்கொத்தைக் குலுக்கினாள்.

ஜெகதீசன் கண்ணாடிக்குப் பின்னால் தலையில் கை வைத்தார்.

மறுபடி குலுக்கினாள். மூன்றாவது முறை அது ஒரு தாளமாகிவிட்டது. கிளிக்கை விடக் கொஞ்சம் வேகம். இனியவன் ஹெட்போனைக் கழற்றித் தோளில் போட்டான். தூரிகையைக் கீழே வைத்துவிட்டுக் குச்சியை எடுத்தான். சாவியோடு சேர்ந்துகொண்டான்.

கெங்கம்மாள் பாடினாள்:

சாவிக்கொத்து இடுப்புலதான், சத்தம் கேக்குதா மேரி?
ரூமு ரூமா மல்லாட்டைடி, ஒடைக்க ஆளு வாடி!

ஏழு மாதம் கழித்து வந்த பதில். பைக்கில் முணுமுணுத்தது சாமி பெயர் இல்லை என்று அமலாவுக்குத் தெரிந்தது.

இருதயமேரியின் முகம் மாறியது. காலைச் சற்று அகற்றி வைத்தாள். கொல்லையில் செடியைப் பிடுங்க அப்படித்தான் நிற்பாள்.

ஒடைக்க வந்தா ஒத்தக் காய்க்கு ஒம்போது கண்ணு வெப்பே
வாயில ஒண்ணு போட்டுக்கினா பல்ல எண்ணிப் பாப்பே!

இப்போது சாவி நிற்கவே இல்லை. யோசிப்பதற்காகக் குலுக்கியது போய்க் குலுக்குவதற்காகக் குலுக்கினாள். பாட்டு வேகம் பிடித்தது. பொழுது சாயச் சாயக் கொல்லையில் பாட்டு வேகம் பிடிக்கும். இரண்டு பெண்களுக்கும் பாட்டென்றால் அப்படித்தான் தெரியும். அமலா கிதாரை அதோடு ஓட விட்டாள். ஜெகதீசன் பட்டன்களை அப்படியே விட்டுவிட்டு எலெக்ட்ரிக் கிதாரை மாட்டிக்கொண்டார். அவருக்கு என்று எழுதிய இடம் இன்னும் வரவில்லை. அவர் அதுவரை காத்திருக்கவில்லை.

மருமகள், மாடு, போர்வெல், பஞ்சாயத்துத் தேர்தல், மாதா கோயில் மணி எல்லாம் வந்து போயின. ஒருத்தி விட்ட இடத்தில் மற்றவள் மூச்சு வாங்காமல் பிடித்தாள். அமலா எழுதிய வரிகளில் ஒன்றுகூட வரவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு மைக்கில் விழாமலிருக்க உதட்டைக் கடித்துக்கொண்டு வாசித்தாள்.

பிறகு கெங்கம்மாள் பல்லுக்குத் திரும்பினாள்:

எண்ண எங்கடி பல்லு இருக்கு, எட்டுதானே பாக்கி?
பாட்ட மட்டும் மெல்லுறியே பாலைப் போல ஆக்கி!

இருதயமேரி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

முப்பது வருடத்தில் அவள் எல்லாக் கேலிக்கும் பதில் சொல்லியிருந்தாள். இதில் முதல் பாதி கேலி. இரண்டாம் பாதி வேறு. பாட்டுக்குள் யாரும் யாரையும் மெச்சியதில்லை. அதற்குப் பதில் சொல்லி அவள் பழகியிருக்கவில்லை.

டிரம் போய்க்கொண்டே இருந்தது. நான்கு சுற்று. எட்டுச் சுற்று. கெங்கம்மாள் சாவியைக் குலுக்கிக்கொண்டு காத்திருந்தாள். அமலா அம்மாவுக்கு எடுத்துக் கொடுக்க ஒரு வரி தேடினாள். பிறகு, அது தன் வேலை இல்லை என்று விட்டுவிட்டாள்.

இருதயமேரி சிரித்தாள். பல் இல்லாத இடமெல்லாம் தெரியச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு தாளத்தில்தான் விழுந்தது.

“பொழுது போச்சு,” என்றாள்.

இனியவன் ஒரே அடியில் நிறுத்தினான். சிம்பலின் அதிர்வு மெதுவாக அடங்கியது. கடைசியில் சாவிகள் மட்டும் ஒன்றோடொன்று உரசின.

“தோத்தவ ஒரு பாத்தி சேத்துப் புடுங்கணும்,” என்றாள் கெங்கம்மாள். “நாளைக்கு ஆறு மணி. மல்லாட்டை முத்திப்போச்சு.”

“எத்தினி பேருங்க?”

“ஒன் செட்டு மொத்தமும்.”

“ஆறுக்கு முடியாதுங்க. அஞ்சே முக்காலுக்கு வந்துடுறோம். மழை வரும் போல.”

ஜெகதீசன் திரையைப் பார்த்தார். பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பது நிமிடம் பதினோரு வினாடி. நிமிடத்துக்கு எண்பது தட்டில் தொடங்கிய வேகம் நூற்று இருபத்தாறில் முடிந்திருந்தது. சமன் செய்து தரட்டுமா என்று அமலாவைக் கேட்டார். அவள் வேண்டாம் என்றாள். கடைசியில் விழுந்த பேச்சையாவது வெட்டட்டுமா என்றார். அதையும் வேண்டாம் என்றாள்.

“சாவி?”

“சாவி இன்னும் கொஞ்சம் கூட்டி வைங்க,” என்றாள் அமலா.

ஒருமுறை போட்டுக் கேட்டார்கள். கெங்கம்மாள் தன் குரல் வரும் இடங்களில் மட்டும் தலையாட்டினாள். ஆல்பத்தில் பாடியவர் பெயர் போடுவார்களா என்று கேட்டாள். போடுவோம் என்றாள் அமலா. ஜெயித்தவர் பெயர் முதலில் வர வேண்டும் என்றாள் கெங்கம்மாள். தொடங்கியவர் பெயர்தான் முதலில் வரும் என்றாள் இருதயமேரி. படிக்கட்டு இறங்கும்வரை அது ஓடியது. பஸ்ஸில் ஜன்னலோரம் யாருக்கு என்பதில் மறுபடி தொடங்கியது.

*

காலை ஐந்தே முக்காலுக்குச் செட்டு மொத்தமும் கொல்லையில் இருந்தது. பதினோரு பெண்கள். அமலா விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். இனியவனும் வந்தான். அவனுக்கு மல்லாட்டைச் செடியைப் பிடுங்கத் தெரியவில்லை. செடியைப் பிடித்து இழுத்தான், தழை மட்டும் கையோடு வந்தது. காய் மண்ணுக்குள்ளேயே நின்றது. கப்பலில் இப்படி டிரம் அடித்தால் கடலில் தள்ளிவிடுவார்கள் என்று பெண்கள் சொன்னார்கள். அவனை வரப்பில் உட்கார வைத்தார்கள்.

மரக்காணம் பக்கம் மேகம் நேற்றைவிடக் கறுத்திருந்தது. மழைக்குள் பாதியாவது முடிந்தால் தப்பிக்கலாம் என்றாள் கெங்கம்மாள். யாரும் பேச வேண்டாம், ஜல்தியாகப் பிடுங்குங்கள் என்றாள்.

இருதயமேரி முதல் செடியைப் பிடுங்கி மண்ணை உதறினாள். இரவு அவள் சரியாகத் தூங்கவில்லை என்பது அமலாவுக்குத் தெரியும். இருட்டில் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

பாலைப் போல பாட்டு வெச்சா பூனை ஒண்ணு வந்துது
சாவி கட்டின பூனையடி, சத்தம் போட்டுக் குடிச்சுது!

பதினோரு பெண்களும் சிரித்தார்கள். வரப்பில் இனியவன் தொடையில் தாளம் போடத் தொடங்கினான்.

கெங்கம்மாள் நிமிர்ந்தாள். மேகத்தைப் பார்த்தாள். பிடுங்காத நான்கு ஏக்கரைப் பார்த்தாள். மணி ஆறுகூட ஆகவில்லை. பதில் வராவிட்டால் பொழுது போச்சு.

சாவிக்கொத்தைக் குலுக்கினாள்.

யாரும் அடுத்த செடியைத் தொடவில்லை. காத்திருந்தார்கள்.

மறுபடி குலுக்கினாள். பிறகு சிரித்துவிட்டு, தொண்டையைச் செருமினாள்.